துணிக்கடைப் பங்கும் பழைய துணி மூட்டையும்

இந்தக் குறிப்புக்குக் காரணம் இரண்டு கேள்விகள்.

முதல் கேள்வி என் சித்தப்பா மகள் கேட்டது. வையம்பட்டியிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறாள். சீட்டு எடுத்த பணம் ஒரு லட்சம் கையில் இருக்கு. "அண்ணே, நாங்க தைக்கிற மாதிரி துணி விக்கிற கடையிலதான் கூட்டம் அள்ளுது. அந்தக் கடை ஷேரை வாங்கிப் போட்டா என்ன?"

இரண்டாவது கேள்வி திருச்சி நண்பர் ஒருவருடையது. பல வருஷமாகப் பங்கு வாங்கி விற்பவர். "மலிவா வாங்குறாங்க, நாலு மாசத்துல தூக்கிப் போடுறாங்க. அத்தனையும் குப்பை. அதுல பணம் போட்டு லாபம் பாக்குறது சரிதானா?"

ஒன்று லாபக் கேள்வி, இன்னொன்று நியாயக் கேள்வி. தனித்தனியாகத்தான் பதில் தேட ஆரம்பித்தேன். ஆண்டறிக்கைகளைப் படிக்கப் படிக்க, இரண்டும் ஒரே இடத்தில் வந்து முட்டுவது தெரிந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதிக் கட்டுரை அதற்கான விளக்கம்தான்.

துணிக்கடையில் கழிவு இரண்டு வகை. ஒன்று, விற்காமல் தேங்கிய துணி. இது கம்பெனியின் கணக்கில் இருக்கும், பங்குதாரர் கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று, விற்று, உடுத்தி, வீசப்பட்ட துணி. இது அந்தக் கம்பெனியின் எந்தக் கணக்கிலும் இருக்காது. முதல் வகையைக் குறைப்பதில் கெட்டிக்காரக் கம்பெனி எதுவோ, பெரும்பாலும் அதுவே இரண்டாவது வகையை அதிகம் உண்டாக்குகிறது. பங்குச் சந்தை முதல் வகைக்கு மட்டும் மார்க் போடுகிறது.

எந்தக் கடை சந்தையில் இருக்கிறது?

திருச்சிக்காரர்களுக்குத் துணிக்கடை என்றால் என்.எஸ்.பி. ரோடு, சாரதாஸ். ஆனால் சாரதாஸ் பங்குச் சந்தையில் இல்லை. தமிழ்நாட்டின் பெரிய ஜவுளிக்கடைகள் பெரும்பாலும் குடும்பச் சொத்து. அங்கே நாம் துணி வாங்கலாம், பங்கு வாங்க முடியாது.

சந்தையில் இருப்பவற்றில் எல்லாரும் பேசுவது ட்ரெண்ட். டாடா குழுமத்துக் கம்பெனி. 1990களின் இறுதியில் டாடா தன் லக்மே அழகுசாதனத் தொழிலை இந்துஸ்தான் லீவருக்கு விற்றது. அந்தப் பணத்தில் பெங்களூரில் இருந்த லிட்டில்வுட்ஸ் கடையை வாங்கினார்கள். அதுதான் வெஸ்ட்சைடு ஆனது. பிறகு 2016இல் ஜூடியோ வந்தது. எல்லாம் சொந்த பிராண்டு, எல்லாம் ஆயிரம் ரூபாய்க்குள், ஆன்லைன் விற்பனை கிடையாது. 2024 மார்ச்சில் 545 ஜூடியோ கடைகள், 2025 மார்ச்சில் 765. ஒரே வருஷத்தில் 220 கூடியிருக்கிறது. அதாவது அஞ்சு நாளைக்கு மூணு கடை.

மற்றவை: சிறு நகரங்களைக் குறிவைக்கும் வி-மார்ட் (தெற்கே 'அன்லிமிடெட்' கடைகளை 2021இல் அர்விந்த் குழுமத்திடம் வாங்கியது), 2024 டிசம்பரில் சந்தைக்கு வந்த விஷால் மெகா மார்ட், பேன்டலூன்ஸ் வைத்திருக்கும் ஆதித்ய பிர்லா, ஹைதராபாத்தின் சாய் சில்க்ஸ். நம் ஊரில் 'வரமஹாலட்சுமி' என்ற பெயரில் பட்டுச் சேலை விற்பது இந்தச் சாய் சில்க்ஸ்தான். ரிலையன்ஸ் ட்ரெண்ட்ஸ் தனிப் பங்கு இல்லை, தாய்க் கம்பெனிக்குள் கரைந்து கிடக்கிறது.

"நான் துணிக்கடைப் பங்கே வாங்கல, எனக்கு எதுக்கு இது?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சேதி. 2024 செப்டம்பர் 30 முதல் ட்ரெண்ட் நிஃப்டி 50 பட்டியலில் இடம் பிடித்தது. அது பட்டியலில் இருக்கும்வரை, நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் மாசாமாசம் எஸ்.ஐ.பி. போடுகிற எல்லாருக்கும் அந்தக் கடையில் ஒரு துளி சொந்தம். உங்கள் பி.எஃப். பணத்தில் ஒரு பகுதிகூட இண்டெக்ஸ் ஈ.டி.எஃப். வழியாகச் சந்தைக்குப் போகிறது. ஆகவே இது எல்லார் வீட்டுச் சங்கதியும்தான்.

கடைக்குள் தேங்கும் கழிவு

ஆடித் தள்ளுபடி ஏன் வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? ஆடியில் கல்யாணம் இல்லை, வியாபாரம் படுத்துவிடும். அடுத்து தீபாவளிச் சரக்கு இறங்கணும். அதற்கு அலமாரியும் வேணும், கையில் காசும் வேணும். பழசை அடக்க விலைக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டு, வந்த பணத்தில் புதுச் சரக்கு எடுப்பார்கள். தேங்கிய சரக்குக்கு நம்ம ஊர் வியாபாரிகள் கண்டுபிடித்த வைத்தியம் அது. எந்த மேலாண்மைப் புத்தகத்துக்கும் குறைந்த விஷயம் இல்லை.

ஆண்டறிக்கையில் இதையே 'சரக்கு இருப்பு நாட்கள்' என்ற கணக்காகப் பார்க்கலாம். கணக்கு சுலபம். வருஷக் கடைசியில் இருக்கும் சரக்கின் மதிப்பை, அந்த வருஷம் விற்ற சரக்கின் அடக்க விலையால் வகுத்து, 365ஆல் பெருக்குங்கள்.

ஒரு கற்பனை உதாரணம். இரண்டு கடைகள். இரண்டும் வருஷத்துக்கு 60 கோடி ரூபாய் அடக்க விலையுள்ள துணியை விற்கின்றன. முதல் கடையில் வருஷக் கடைசிச் சரக்கு 12 கோடி. இரண்டாவதில் 30 கோடி. முதல் கடைக்கு 73 நாள், இரண்டாவதுக்கு ஏறக்குறைய 183 நாள். லாப நட்டக் கணக்கில் ரெண்டும் ஒரே மாதிரி தெரியலாம். ஆனால் இரண்டாவது கடையில் 18 கோடி கூடுதலாக அலமாரியில் தூங்குகிறது. அதற்கு வட்டி ஓடும், கிடங்கு வாடகை ஓடும், ஃபேஷன் மாறினால் தள்ளுபடி, அதிலும் போகாவிட்டால் கழிவு. கணக்குப் பதிவு விதிப்படி சரக்கை அடக்க விலை, விற்றால் கிடைக்கக்கூடிய விலை, இரண்டில் எது குறைவோ அதில்தான் காட்டணும். ஆக, தேங்கிய துணி என்றாவது ஒருநாள் லாபத்தைக் கடிக்கும்.

உலகப் பெரிய கம்பெனிகளுக்கும் இதே வியாதி உண்டு. 2018 மார்ச்சில் ஹெச் & எம் கையில் விற்காமல் கிடந்த சரக்கு 430 கோடி டாலர் என்ற செய்தி முதலீட்டாளர்களை மிரள வைத்தது. அதே வருஷம் பிரிட்டனின் பர்பெரி, 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள சொந்தப் பொருள்களை எரித்ததாக அதன் ஆண்டறிக்கையிலேயே இருந்தது. மலிவாக விற்றால் பிராண்டு மரியாதை போய்விடும் என்று கொளுத்தினார்கள். எதிர்ப்பு கிளம்பவும் அந்தப் பழக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தார்கள்.

இந்த நாட்கணக்கைப் பார்க்கும்போது இரண்டு எச்சரிக்கை.

ஒன்று, இனத்தை இனத்தோடு ஒப்பிடுங்கள். பட்டுச்சேலைக் கடையில் சரக்கு பல மாதம் இருப்பது இயல்பு. அரக்குக் கலர் பட்டுக்கு அடுத்த முகூர்த்தத்திலும் ஆள் வரும். படம் போட்ட டீ-ஷர்ட் அப்படி இல்லை, அந்தப் படத்தின் மவுசு போனால் துணியும் போச்சு. சாய் சில்க்ஸின் நாட்கணக்கை ட்ரெண்டோடு வைத்து "இது மோசம்" என்று சொல்வது, நெல்லையும் கீரையையும் ஒரே தராசில் வைத்து எது சீக்கிரம் அழுகும் என்று கேட்பது போல.

இரண்டு, சரக்கு குறைவாகத் தெரிந்தால் அது யார் தலையில் இருக்கிறது என்று பாருங்கள். பல பிராண்டுகளை விற்கும் பெரிய கடைகளில் 'விற்றால் காசு, இல்லாவிட்டால் திருப்பி எடுத்துக்கோ' என்ற ஏற்பாடு உண்டு. அப்போது தேங்கிய துணி கடையின் கணக்கில் இருக்காது, சப்ளை செய்தவர் கணக்கில் இருக்கும். அந்தச் சப்ளையர் திருப்பூரிலோ ஈரோட்டிலோ இருக்கும் சின்ன ஆளாக இருக்கலாம். எனவே 'கொடுக்க வேண்டிய கடன்' பகுதியையும் சேர்த்துப் படிக்கணும். குறு, சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் அந்தத் தொகையை அந்த வருஷச் செலவாகக் காட்டி வருமான வரியில் கழிக்க முடியாது என்ற விதி 2024 ஏப்ரலிலிருந்து அமலில் இருக்கிறது. சப்ளையருக்கு எத்தனை நாளில் பணம் போகிறது என்பதை இப்போது கொஞ்சம் தெளிவாகவே பார்க்க முடிகிறது.

இதுவரை லாபமும் நியாயமும் ஒரே பக்கம்தான் நிற்கின்றன. சரக்கு தேங்காத கடை முதலீட்டாளருக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. அடுத்த படியில்தான் பிரிகின்றன.

கடைக்கு வெளியே போன கழிவு

எங்கள் பக்கம் பழைய துணி சுலபத்தில் குப்பைக்குப் போனதில்லை. நூல் சேலை கிழிந்தால் தூளி. தூளி நைந்தால் தலையணை உறை. அதுவும் போனால் அடுப்பங்கரைக் கரித்துணி. 'பழைய துணிக்குப் பாத்திரம்' என்று தெருவில் கூவிக்கொண்டு வருபவர் பேன்ட், சட்டையைப் பார்த்து எடை போட்டு ஒரு எவர்சில்வர் டப்பா தருவார். உடுத்த முடிந்தது வாரச் சந்தைக்குப் போகும், முடியாதது ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய் துடைக்கப் போகும். பழைய பட்டுச்சேலையை ஜரிகையில் இருக்கும் வெள்ளிக்காகவே வாங்க ஆள் உண்டு. எவரும் 'சுழற்சிப் பொருளாதாரம்' என்று பெயர் வைக்காமலேயே ஓடிக்கொண்டிருந்த ஏற்பாடு.

திருப்பூரில் இதன் தொழிற்சாலை வடிவம் இருக்கிறது. பனியன் வெட்டும்போது விழும் கட்டிங் வேஸ்ட்டை நிறம் வாரியாகப் பிரித்து, மறுபடி பஞ்சாக்கி, 'ஓப்பன் எண்ட்' நூற்பாலைகளில் நூலாக்குகிறார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் இது தனித் தொழிலே. லுங்கி, போர்வை, துண்டு, மிதியடி எல்லாம் அந்த நூலில் நெய்யப்படுகிறது. நிறம் ஏற்கெனவே இருப்பதால் மறுபடி சாயம் போட வேண்டியதும் இல்லை, தண்ணீர் மிச்சம்.

இந்த இரண்டு ஏற்பாடும் ஓட ஒரு நிபந்தனை உண்டு. துணி ஒரே இழையாக இருக்கணும், என்ன இழை என்று தெரிந்திருக்கணும். கட்டிங் வேஸ்ட் அப்படிப்பட்டது. உடுத்திக் கழித்த துணி அப்படி இல்லை. பருத்தியோடு பாலியெஸ்டர், அதோடு இழுவைக்கு எலாஸ்டேன், மேலே பிளாஸ்டிக் பிரின்ட், ஜிப், பட்டன், லேபிள். எலாஸ்டேன் கலந்த துணியைக் கிழிக்கும் எந்திரத்தில் போட்டால் ரப்பர் மாதிரி இழுபட்டுச் சிக்கிக்கொள்ளும். கலப்பிழையை இழை இழையாகப் பிரிப்பது இன்றைக்கும் செலவு பிடித்த வேலை. பாலியெஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது என்பதால் கரித்துணியாகக்கூட உதவாது. பாத்திரக்காரரும் அதைத் திருப்பிப் பார்க்க மாட்டார்.

நாட்டளவில் ஒரு மதிப்பீடு இருக்கிறது. 'ஃபேஷன் ஃபார் குட்' அமைப்பு 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் வருஷத்துக்குச் சுமார் 78 லட்சம் டன் துணிக் கழிவு சேர்கிறது. உலகக் கழிவில் 8.5 சதவீதம். அதில் 51 சதவீதம் நம் வீடுகளில் உடுத்திக் கழித்தது, 42 சதவீதம் ஆலைக் கழிவு, மீதி 7 சதவீதம் வெளிநாட்டுப் பழந்துணி. மொத்தத்தில் 59 சதவீதம் மறுபடி உடுத்தவோ நூலாகவோ போகிறது. 17 சதவீதம் மண்ணில் புதைகிறது. மற்ற நாடுகளோடு பார்த்தால் மோசமில்லை. பானிபட்டின் கம்பளி ஆலைகளும், திருப்பூர்ப் பக்கத்து ஓப்பன் எண்ட் ஆலைகளும், மூட்டை தூக்கும் எளிய மனிதர்களும் சேர்ந்து செய்த காரியம் இது. இதில் எந்தத் துணிக்கடைக்கும் பெரிய பங்கில்லை.

மண்ணில் புதைவதற்கும் ஒரு பில் உண்டு. திருச்சி அரியமங்கலம் கிடங்கில் பல வருஷமாகக் குவிந்த குப்பையை பயோமைனிங் முறையில் தோண்டிச் சலித்தார்கள். இப்படிச் சலிக்கும்போது மண் கீழே இறங்கிவிடும், மேலே தங்குவதில் பிளாஸ்டிக்கும் துணியும் முக்கியம். அதைக் கட்டாக்கிச் சிமென்ட் ஆலைச் சூளைக்கு அனுப்புவதுதான் வழக்கம். தோண்ட, சலிக்க, லாரி ஏற்றச் செலவு யாருடையது? அரசுப் பணம், மாநகராட்சிப் பணம், அதாவது வரி கட்டுகிற நம் பணம். துணியை விற்றவர் கணக்கில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

இப்போது முதல் பகுதியோடு சேர்த்துப் பாருங்கள். சரக்கு சீக்கிரம் விற்றுப் போனால் நாட்கணக்கு இறங்கும், காசு சுழலும், பங்கு ஏறும். அப்படி விற்க விலை மலிவாக இருக்கணும், டிசைன் அடிக்கடி மாறணும், வாங்குபவர் அடிக்கடி வரணும். அடிக்கடி வரணும் என்றால், போன தடவை வாங்கியது சீக்கிரம் அலுத்துப் போகணும் அல்லது நைந்து போகணும். கம்பெனிக் கணக்கில் கழிவு குறைந்த அதே வேகத்தில் ஊர்க் கணக்கில் கூடுகிறது. இது ஒரு கம்பெனியின் குற்றம் இல்லை, இந்த வியாபாரத்தின் அமைப்பு.

நியாயத்துக்காக மறுபக்கத்தையும் சொல்லணும். எங்கள் ஊரில் தீபாவளிக்கு ஒரு செட், பொங்கலுக்கு ஒரு செட் என்று இருந்த பிள்ளைகள் இப்போது 299 ரூபாய்க்குத் தனக்குப் பிடித்த சட்டையைத் தானே எடுத்துப் போடுகிறார்கள். அதைக் கேவலமாகப் பேச எனக்கு மனசு வராது. கழிவுக்குப் பொறுப்பு யாருடையது என்பதுதான் கேள்வி. மலிவுத் துணி உடுத்தியவரைக் குறை சொல்லி அதைத் தீர்க்க முடியாது.

நொய்யல் சொல்லிக்கொடுத்தது

"கணக்கில் இல்லாத செலவு பங்குதாரருக்கு எதுக்கு?" என்று கேட்கலாம். இன்று கணக்கில் இல்லாதது நாளை கணக்கில் ஏறலாம், அதற்காகத்தான். தமிழ்நாட்டில் இது ஏற்கெனவே நடந்திருக்கிறது.

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் பல வருஷம் நொய்யலில் போனது. அந்தத் தண்ணீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. 1992இல் பாசனத்துக்காகத் திறந்த அணை அது. கொஞ்ச காலத்தில் அதன் தண்ணீரே வேண்டாம் என்று விவசாயிகள் கோர்ட்டுக்குப் போகும் நிலை வந்தது. நொய்யல் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. அதற்குக் கீழேதான் முக்கொம்பும் ஸ்ரீரங்கமும். அந்தக் காலத்தில் ஒரு பனியனின் விலையில் இந்த நஷ்டம் எதுவும் சேரவில்லை. கரையோர விவசாயியின் கிணறு அதைச் சுமந்தது.

2006இல் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்ற நிலைக்குப் பட்டறைகளைக் கொண்டுவர உத்தரவிட்டது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதே பக்கம் நின்றது. சரியாக நடக்காததால் 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. சாயம் போட வேறு ஊர் தேடி அலைந்தார்கள். வேலை போனவர்கள் சொந்த ஊர் திரும்பினார்கள். பிறகு சுத்திகரிப்பு நிலையங்களைச் சீராக்கி, அரசின் வட்டியில்லாக் கடனும் வாங்கி, படிப்படியாகத் திறந்தார்கள். இன்று சாயக் கூலியில் சுத்திகரிப்புச் செலவு ஒரு நிரந்தரப் பகுதி. அந்தச் செலவைத் தாங்கியவர்கள் நிலைத்தார்கள், மற்றவர்கள் போனார்கள்.

ஊர் சுமந்த செலவு ஒரே நாளில் கம்பெனி சுமக்கும் செலவானது. துணிக் கழிவிலும் அந்த நாள் வரலாம். வந்தால் யாருக்கு எவ்வளவு அடி? அதை இப்போதே போட்டுப் பார்க்கலாம்.

மூன்று ரூபாய்க் கணக்கு

'உற்பத்தியாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு' என்று ஒரு ஏற்பாடு உண்டு. பொருளை விற்றவரே, அது குப்பையான பிறகு அதைத் திரட்டிக் கையாளும் செலவையும் ஏற்கணும். இந்தியாவில் பிளாஸ்டிக் உறை, மின்னணுக் கழிவு, பேட்டரி, டயர் இவற்றுக்கு இது ஏற்கெனவே இருக்கிறது. துணிக்கு இன்னும் வரவில்லை. பிரான்சில் துணிக்கு 2007 முதல் இருக்கிறது, உருப்படிக்குச் சில சென்ட் அளவில். 2022 முதல் விற்காத துணியை அழிப்பதையும் அங்கே தடை செய்தார்கள். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் விற்காத துணி, செருப்பை அழிக்கத் தடை 2026 ஜூலை 19 முதல். துணிக்கான நீட்டிக்கப்பட்ட பொறுப்பை எல்லா உறுப்பு நாடுகளும் கொண்டுவரணும் என்பது 2025 அக்டோபரில் அமலுக்கு வந்த திருத்தம். திருப்பூருக்கு ஐரோப்பா பெரிய வாடிக்கையாளர், ஆகவே இதன் காற்று இங்கேயும் அடிக்கும்.

இப்போது கற்பனைக் கணக்கு. ஒரு கம்பெனி வருஷத்துக்கு 10 கோடி உருப்படிகளைச் சராசரி 250 ரூபாய்க்கு விற்கிறது. விற்பனை 2,500 கோடி. லாபம் 8 சதவீதம், அதாவது 200 கோடி. உருப்படிக்கு 3 ரூபாய் கழிவுக் கட்டணம் வந்தால் 30 கோடி. வரி விவரங்களை ஒதுக்கிவிட்டால், லாபத்தில் 15 சதவீதம் போச்சு.

இன்னொரு கம்பெனி அதே 2,500 கோடிக்கு விற்கிறது, ஆனால் 2,500 ரூபாய்ச் சட்டையாக ஒரு கோடி உருப்படி. அதே 3 ரூபாய்க் கட்டணத்துக்கு 3 கோடி. லாபத்தில் ஒன்றரை சதவீதம்தான்.

ஒரே விற்பனை, ஒரே லாபம், ஒரே கட்டணம். மலிவு விலைக் கடைக்குப் பத்து மடங்கு அடி. இன்றைய ஆண்டறிக்கையில் இந்த வித்தியாசம் எங்கேயும் தெரியாது.

"அந்த மூணு ரூபாயை வாடிக்கையாளர் தலையில் வைத்துவிடுவார்கள்" என்பது நியாயமான மறுப்பு. 250க்கு 3 என்பது ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல்தான். ஆனால் 199, 299 என்ற எண்களே அந்தக் கடைகளின் விளம்பரப் பலகை. 199ஐ 202 ஆக்குவது கணக்கில் சுலபம், வியாபாரத்தில் அவ்வளவு சுலபம் இல்லை. கொஞ்சம் கடை, கொஞ்சம் வாடிக்கையாளர், கொஞ்சம் சப்ளையர் என்று மூன்றாகப் பிரியும் என்பது என் ஊகம். சப்ளையர் தலையில் விழும் பங்கு கடைசியில் தையல் கூலியில் போய் இடிக்கும். அதனால்தான் இந்தச் சட்டம் எப்படி எழுதப்படுகிறது என்பது எங்கள் ஊர்க் கம்பெனி பஸ்ஸில் போகிறவர்களுக்கும் முக்கியம்.

விலை என்று ஒன்று இருக்கிறது

கழிவை விடுங்கள், நல்ல கடை வேறு, நல்ல பங்கு வேறு. ட்ரெண்ட் பங்கு 2024 அக்டோபரில் 8,000 ரூபாயைத் தாண்டியது. அப்போது ஆண்டு லாபத்தைப் போல நூறு மடங்குக்கும் மேல் விலை. 2025 ஜூலையில், வளர்ச்சி முன்புபோல் இல்லை என்ற சேதி வந்ததும் ஒரே நாளில் பத்து சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அந்த வருஷம் முடியும்போது உச்சத்திலிருந்து கிட்டத்தட்டப் பாதி. இத்தனைக்கும் கடைகள் கூடிக்கொண்டேதான் இருந்தன. கூட்டம் குறையவில்லை, எதிர்பார்ப்புதான் குறைந்தது. கடையில் கூட்டத்தைப் பார்த்துப் பங்கு வாங்குவதில் உள்ள ஆபத்து இதுதான். அந்தக் கூட்டத்தை நமக்கு முன்னாடியே எல்லாரும் பார்த்துவிட்டார்கள், விலையில் அது ஏறிவிட்டது.

கார்மென்ட்ஸில் சம்பளம் வாங்குபவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். உங்கள் மாசச் சம்பளமே துணி வியாபாரத்தை நம்பி இருக்கிறது. சேமிப்பையும் அதே வியாபாரத்தில் போட்டால், அடி விழும்போது வேலையும் சேமிப்பும் சேர்ந்து ஆடும். 2011இல் திருப்பூர் பார்த்தது அதைத்தான்.

நான் பார்க்கும் ஆறு விஷயங்கள்

1. சரக்கு இருப்பு நாட்கள், ஐந்து வருஷத்துக்கு. விற்பனையைவிடச் சரக்கு வேகமாக ஏறினால் எச்சரிக்கை.

2. சரக்கு மதிப்பைக் குறைத்து எழுதிய தொகை. ஆண்டறிக்கையின் பின்குறிப்புகளில் 'சரக்கு' தலைப்பின் கீழ் இருக்கும்.

3. பழைய கடைகளின் விற்பனை வளர்ச்சி. புதுக் கடை திறந்து மொத்த விற்பனையைக் கூட்டுவது சுலபம். ஒரு வருஷத்துக்கு மேலான கடைகள் மட்டும் எவ்வளவு வளர்ந்தன என்று பாருங்கள்.

4. கடனும் வாடகையும். பிக் பஜார் நடத்திய ஃப்யூச்சர் ரீடெய்ல் கடைகளில் கூட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. கடன் மலையாகி, கொரோனாவும் சேர்ந்து, 2022 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குப் போனது. பங்குதாரர் பணம் கரைந்தது.

5. சராசரி விலை, உருப்படிகளின் எண்ணிக்கை. மேலே போட்ட மூன்று ரூபாய்க் கணக்குக்கு இது வேணும். பல கம்பெனிகள் எண்ணிக்கையைத் தெளிவாகச் சொல்வதில்லை. சொல்லாததும் ஒரு தகவல்தான்.

6. பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கை. பெரிய ஆயிரம் கம்பெனிகள் தங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றித் தரவேண்டிய அறிக்கை இது. செபி 2022-23 முதல் கட்டாயமாக்கியது. கழிவு என்ற தலைப்பில் எத்தனை டன் என்று இருக்கும். அது பெரும்பாலும் கடையிலும் கிடங்கிலும் விழுந்த அட்டை, பிளாஸ்டிக், மின்னணுப் பொருள். விற்ற துணி அதில் வராது. ஆயுள் முடிந்த பொருளைத் திரும்பப் பெற என்ன ஏற்பாடு என்று அதே அறிக்கையில் இன்னொரு கேள்வி இருக்கும். அதைத் தேடிப் படியுங்கள். 'எங்களுக்குப் பொருந்தாது' என்று ஒரு வரியில் முடித்திருக்கிறார்களா, ஏதாவது செய்கிறார்களா என்பது தெரிந்துவிடும்.

'மறுசுழற்சி' என்ற சொல்லைப் பார்த்ததும் மயங்க வேண்டாம். மறுசுழற்சி பாலியெஸ்டர் என்று டேக் போட்டு வருவது பெரும்பாலும் பெட் பாட்டிலிலிருந்து வந்த நூல். அது பாட்டில் குப்பைக்குப் பதில் சொல்கிறது, துணிக் குப்பைக்குச் சொல்லவில்லை. சொல்லப்போனால் மறுபடி பாட்டிலாகியிருக்க வேண்டியது, மறுசுழற்சி செய்ய முடியாத ஒரு கலப்புச் சட்டைக்குள் போய் முடிகிறது.

வாங்காமல் இருந்தால் கழிவு குறையுமா?

குறையாது. சந்தையில் நாம் பங்கு வாங்கும்போது பணம் இன்னொரு பங்குதாரருக்குப் போகிறது, கடைக்குப் போவதில்லை. நான் விற்றுவிட்டு வெளியே வந்தாலும் ஒரு சட்டைகூடக் குறையாது. மனசுக்கு ஆறுதல் கிடைக்கும், அவ்வளவுதான். அந்த ஆறுதலைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதைத் தீர்வு என்று சொல்ல முடியாது.

பங்குதாரருக்கு இருக்கும் உண்மையான ஆயுதம் கேள்வி. 2020க்குப் பிறகு பெரும்பாலான பெரிய கம்பெனிகள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை வீடியோ வழியாக நடத்துகின்றன. ஒரே ஒரு பங்கு இருந்தாலும் முன்கூட்டிப் பெயர் பதிந்து பேசலாம். மும்பைக்கு டிக்கெட் போட வேண்டாம், வையம்பட்டி வீட்டுத் திண்ணையிலிருந்தே கேட்கலாம். இண்டெக்ஸ் ஃபண்ட் வழியாக வைத்திருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை, ஓட்டு ஃபண்ட் கம்பெனி கையில்.

என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் நேரடியாக எந்தத் துணிக்கடைப் பங்கும் இல்லை, இண்டெக்ஸ் ஃபண்ட் வழியாக இருக்கும் துளியைத் தவிர. ட்ரெண்டில் ஒரு பங்கு மட்டும் வாங்கப் போகிறேன். அது முதலீடு இல்லை, கூட்டத்தில் பேசுவதற்கான டிக்கெட். கேட்க நினைப்பது மூன்று: போன வருஷம் மொத்தம் எத்தனை உருப்படி விற்றீர்கள்? அதில் எத்தனை சதவீதம் ஒரே இழைத் துணி? துணிக்கு நீட்டிக்கப்பட்ட பொறுப்புச் சட்டம் வந்தால் உருப்படிக்கு எத்தனை ரூபாய் என்று உள்ளே கணக்குப் போட்டு வைத்திருக்கிறீர்களா?

நான் செபியில் பதிவு பெற்ற ஆலோசகன் இல்லை. இது வாங்கு, விற்றுவிடு என்ற யோசனையும் இல்லை. உங்களிடம் ஏதாவது ஒரு துணிக்கடைப் பங்கு இருந்தால், அதன் கடைசி ஆண்டறிக்கையில் 'சரக்கு' பற்றிய பின்குறிப்பை மட்டும் இன்றைக்குத் திறந்து பாருங்கள். அரை மணி நேர வேலைதான்.